கூட்டத்துக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வாயை மட்டும் திறப்பதில்லை

சாமைக்காரி (பென்னாகரம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் (உழவர்களே பங்கு போட்டு நடத்தும் கம்பெனி) நான் சிஇஓ. பதவியின் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணக்கு எழுதுவது, சாக்கு எண்ணுவது, மிஷின் நின்றுபோனால் மெக்கானிக்குக்குப் போன் போடுவது எல்லாம் நானேதான். சாமை, கேழ்வரகு வாங்கி, சுத்தம் செய்து, சாமையை உமி நீக்கி அரிசியாக்கி விற்கிறோம். மொத்தம் 612 உறுப்பினர்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். போன வருடக் கூட்டம் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

கல்யாண மண்டபம். மேடையில் 11 நாற்காலி, கீழே வரிசை வரிசையாக 250. குத்துவிளக்கு, வரவேற்புரை, அப்புறம் 14 பேருக்குப் பொன்னாடை. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ, போட்டோ சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை. கடிகாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்: பொன்னாடைக்கு மட்டும் 25 நிமிடம். தலைவர் 40 நிமிடம் பேசினார். டவுனிலிருந்து வந்த ஆடிட்டர் 'நடப்புச் சொத்துகள், நடப்புப் பொறுப்புகள்' என்று பேப்பரைப் பார்த்து வாசித்து முடித்தார். "யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா?" என்று மைக்கில் கேட்டோம். நாலு விநாடி அமைதி. பின்வரிசையில் ஒரு தாத்தா எழுந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். "சாப்பாடு எத்தனை மணிக்கும்மா?" என்றார்.

தீர்மானங்கள் எல்லாம் கைதட்டலில் நிறைவேறின. மூன்று மணி நேரக் கூட்டத்தில், தாத்தாவையும் சேர்த்து, உறுப்பினர்கள் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். கையெழுத்து 171. சாப்பிட்டது 260 இலை.

என்னை உறுத்துவது அதுவல்ல. சாப்பாடு முடிந்து கை கழுவும் குழாயடியில் ஒரு அக்கா இன்னொரு அக்காவிடம், "எடையில ரெண்டு கிலோ குறையுதுன்னு கேக்கணும்னுதான் வந்தேன், அத்தனை பேர் முன்னால யாரு எந்திரிக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

கருத்துப் பெட்டி வைத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு சீட்டும் ஒரு பஸ் டிக்கெட்டும் கிடந்தன. நிறையப் பேருக்கு எழுதப் படிக்க வராது என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த வருடம் எப்படியாவது அவர்களைப் பேச வைக்க வேண்டும். 160 பேர், இரண்டரை மணி நேரம், ஒரே ஒரு மைக். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இன்னொரு கவலையும் இருக்கிறது: கூட்டம் புரட்டாசியில் விழுகிறது, பிரியாணி போட முடியாது. ஆள் வருமா?

ஓசூர் ஆசாமி எழுதியது:

மேடம், நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கான்ஃபரன்ஸ்களும் உங்கள் கூட்டம் மாதிரிதான், பொன்னாடைக்குப் பதில் பவர்பாயிண்ட்.

இதே எரிச்சல் ஒரு அமெரிக்கருக்கும் வந்திருக்கிறது. ஹாரிசன் ஓவன் என்று பெயர். 1983-ல் ஒரு பன்னாட்டு மாநாட்டை நடத்த ஒரு வருடம் உழைத்தார். முடிந்ததும் எல்லாரும் பாராட்டினார்கள், ஆனால் நன்றாக இருந்தது எது என்று யோசித்தால் காபி இடைவேளைதான் என்று அவருக்கே தோன்றியது. அவர் திட்டமிடாத ஒரே பகுதி அது. சரி, மாநாடு முழுவதையும் காபி இடைவேளையாக்கினால் என்ன என்று 1985-ல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் செய்து பார்த்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் வெற்றுத்தாள். எதைப் பற்றிப் பேச ஆசையோ அதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். யாருக்கு எதில் விருப்பமோ அங்கே போகலாம். 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று இதற்குப் பெயர். ஒரே ஒரு விதி, இரண்டு கால் விதி: இருக்கிற இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளவும் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை என்றால், எழுந்து வேறு வட்டத்துக்குப் போய்விட வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

'வேர்ல்ட் கஃபே' என்றும் ஒன்று உண்டு. 1995-ல் ஹுவானிட்டா பிரவுன், டேவிட் ஐசக்ஸ் தம்பதி வீட்டில் ஒரு கூட்டம். வெளியே மழை என்பதால் உள்ளேயே சின்னச் சின்ன மேசைகளைப் போட்டு, மேலே காகிதம் விரித்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து பேர் பேசி, காகிதத்திலேயே கிறுக்கி, கொஞ்ச நேரம் கழித்து மேசை மாறினார்கள். மேசைக்கு ஒருவர் மட்டும் அங்கேயே இருந்து, முன்னால் பேசியதைப் புதிதாக வருபவர்களிடம் சொல்வார். அப்படிப் பிறந்ததுதான் இந்த முறை.

நாங்கள் அடிக்கடி செய்வது இதைவிட எளிது: ஒன்று, இரண்டு, நாலு, எல்லாரும். ஒரு நிமிடம் தனியாக யோசி. இரண்டு நிமிடம் பக்கத்து ஆளிடம் பேசு. இரண்டு ஜோடி சேர்ந்து நாலு பேராக நாலு நிமிடம். கடைசியில் நாலு பேருக்கு ஒருவர் சபையில் சொல்வார். எழுதத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மைக்கும் கடைசியில்தான் தேவை.

என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை நாற்காலி வரிசையில் இருக்கிறது. முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு யாருக்குப் பேச்சு வரும்?

விதிப்படி எழுதியது:

உற்சாகத்தில் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான விதிகள் 2002 திருத்தத்தில் 1956 நிறுவனங்கள் சட்டத்துக்குள் வந்தவை. இப்போது 2020 திருத்தத்தின் மூலம் 2013 நிறுவனங்கள் சட்டத்தில் தனி அத்தியாயமாக இருக்கின்றன. குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்பு. உங்கள் நிறுவனத்தின் சொந்த விதிகளில் அதைவிட அதிகம் கேட்டிருந்தால் தவிர, மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. 612 பேருக்கு 153. பொது விடுமுறை நாளில் நடத்தக் கூடாது. நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட அலுவலகம் இருக்கும் அதே ஊரில் நடத்த வேண்டும்.

முக்கியமாக, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை வட்டம் போட்டுப் பேசி முடிவெடுத்துவிட்டு, அதைத் தீர்மானம் என்று மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில்) ஏற்றாதீர்கள். உபரித் தொகையை என்ன செய்வது என்பது எப்படியும் நிரலில் வரும். உறுப்பினர் கருத்துக் கேட்பதை அதன் கீழேயே சேர்த்து அறிவிப்பை அனுப்புங்கள். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, அதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

மாங்கொட்டை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

அம்மணி, குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். வட்டமாக உட்கார வைப்பதெல்லாம் எங்களுக்கும் செய்தார்கள்.

எனக்கு அஞ்சு ஏக்கர் தோத்தாபுரி, கொஞ்சம் செந்தூரா. மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் விலையைக் கீழே இறக்குகிற வருடமெல்லாம் எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போடுவார்கள். ஒரு தடவை வெளியூரிலிருந்து ஆள் வந்து கலர் கலராக அட்டை கொடுத்தார்கள். பிரச்சினைக்குச் சிவப்பு, யோசனைக்குப் பச்சை. நான் மூன்று பச்சை அட்டை எழுதினேன், ஒன்றில் என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வேன். எல்லா அட்டையையும் சார்ட்டில் ஒட்டி, பக்கத்தில் எங்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த சார்ட் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வருடம் அதே ஆட்கள், அதே அட்டை. நான் எழுதவில்லை. பக்கத்து ஆள் கேட்டார், "ஏன் மாமா எழுதல?" என்று. "போன வருசம் எழுதினதுக்குப் பதில் வரட்டும்" என்றேன்.

கிராம சபையும் வருடத்துக்கு ஆறு ஆகிவிட்டது. நாலாக இருந்தபோது மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் இல்லை. ஆறாவது தடவையும் அதே தெருவிளக்கைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஆரம்பிக்கும்போதே போன கூட்டத்தில் என்ன சொன்னோம், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நடக்காததையும் சொல்ல வேண்டும். அதற்குத் துணிச்சல் இல்லை என்றால் பேசாமல் பிரியாணியை மட்டும் போடுங்கள், நாலு பேர் வாழ்த்துவார்கள்.

சாமைக்காரி:

மாங்கொட்டை அண்ணா, போன கூட்டத்தில் யாருமே ஒன்றும் சொல்லவில்லையே, நான் எதற்குப் பதில் சொல்ல? குழாயடியில் கேட்டதற்கா?

ஓசூர் சார், நாலு பேர் முறை பிடித்திருக்கிறது. ஆனால் சுவரில் எழுதி ஒட்டுவது எங்களுக்கு ஆகாது. பெண்கள் எழுந்து வேறு வட்டத்துக்கு நடந்து போவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை விட்டு எழுந்து போனால் ஊருக்குப் போகும்வரை அது பேச்சாகிவிடும்.

பழைய டிரெய்னர் (தருமபுரி) எழுதியது:

கண்ணு, குழாயடியில் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் உன் போன வருடக் கூட்டம். மேடையில் நடந்தது கல்யாண வரவேற்பு.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் தருமபுரிக்குள், 2004-ல்தான் பிரிந்தது. குழுக்கள் தொடங்கி இரண்டு வருடம் கழித்து நான் களப்பணியாளராகச் சேர்ந்தேன். ஒரு டிவிஎஸ் 50, ஒரு ஜோல்னாப் பை, பை நிறையப் பதிவேடு. கூட்டம் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான், சோறாக்கி முடித்த பிறகு, யார் வீட்டுத் திண்ணையிலாவது. அப்படி எத்தனை கூட்டம் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அவர்கள் பேசாததற்குக் கூச்சம் காரணம் இல்லை. குழாயடியில் பேசுகிறவளுக்கு என்ன கூச்சம்? மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, எல்லாம் முன்னாலேயே முடிவாகிவிட்டது என்று. கைதட்ட மட்டும்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. இதைத்தான் மாங்கொட்டை தம்பி வேறு மாதிரி சொல்கிறார். அதனால் வட்டமா சதுரமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உன் இயக்குநர்களை உட்கார வைத்துக் கேள்: எந்த ஒரு முடிவை நாம் எடுக்காமல் கூட்டத்துக்கு விட்டு வைக்கப் போகிறோம்? பணம் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். கூட்டம் வேறு மாதிரி சொன்னால் அதை ஏற்றுக்கொள்வோம் என்று முன்னாலேயே மினிட்ஸில் கையெழுத்து வாங்கிக்கொள். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னிடம் வராதே, பொன்னாடையை வாங்கப் போ.

ஒத்துக்கொண்டால் மேலே படி.

நாற்காலியை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரி. முட்டி வலிக்காரர்களுக்குச் சுவரோரம் பத்து நாற்காலி போதும். மேடைக்காரர்களும் கீழே உட்கார வேண்டும். வட்டத்துக்குப் பத்துப் பேர். ஓசூர் தம்பி சொன்ன மாதிரி எல்லாரையும் கலந்து விடாதே, நம் ஊரில் அது வேலைக்கு ஆகாது. ஒரே ஊர்ப் பெண்கள் ஒரு வட்டம், ஆண்கள் தனி வட்டம். மாமியாரையும் மருமகளையும் ஒரே வட்டத்தில் மட்டும் உட்கார வைக்காதே. மருமகள் வாயைத் திறக்க மாட்டாள், இல்லையென்றால் மாமியார் திறக்க மாட்டாள். இதை நான் சொல்லிக் கொடுத்தபோது சிரித்த ஆட்கள் எல்லாம் ஒரு வருடம் கழித்து வந்து ஒத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கேள்விதான். 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்காதே, அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. 'போன அறுப்புக்கு நம்ம கம்பெனிக்குச் சாமை போட்டபோது எந்த இடத்தில் மனசு கசந்தது?' என்று கேள். முதலில் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லட்டும். பிறகு வட்டத்தில். சபையில் சொல்பவள், "எங்க வட்டத்துல இப்படிச் சொன்னாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். யார் சொன்னது என்று யாரும் கேட்கக் கூடாது. புகாருக்கு வீட்டு விலாசம் இல்லை என்றால்தான் அது வெளியே வரும். பெண்கள் வட்டங்கள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஆண்கள். பெரிய மனுஷன் ஒருவர் முதலில் பேசிவிட்டால் மிச்சப் பேர் எல்லாம் "அவர் சொன்னதுதான்" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

முடிவெடுக்க, கொட்டை போட்டு ஓட்டு. 90-களில் பி.ஆர்.ஏ. என்று, ஊர்க்காரர்களே தங்கள் ஊர் நிலவரத்தை ஆராயும் முறையில், எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ராபர்ட் சேம்பர்ஸ் என்றொருவர் அதைப் பரப்பியவர். 'குச்சியைக் கையில் கொடு' என்பார்கள், அதாவது நீ தரையில் கோடு போட்டு விளக்காதே, ஊர்க்காரர் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில். விதை வைத்து வரிசைப்படுத்துவதும் அந்தப் பயிற்சியில்தான் கற்றோம். நாலு சட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஆளுக்கு இத்தனை விதை.

இதில் நான் பட்ட அவமானத்தையும் கேட்டுக்கொள். ஒரு ஊரில் 22 பேர், ஆளுக்கு 5 புளியங்கொட்டை. எண்ணினால் 170. நம் மாவட்டத்தில் புளி இல்லாத வீடு எது? மடியில் கட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து நான் பாசிமணிதான் வாங்குவேன், அதுவும் தருமபுரியில் அன்றைக்குக் காலையில் வாங்கிய நிறத்தில். சட்டிக்குள் துணி போட்டுவிடு, சத்தம் கேட்டால் எந்தச் சட்டி என்று தெரிந்துவிடும். முன்னால் ஒரு பழைய புடவையை மறைப்பாகக் கட்டு.

கடைசியாக, காம்பியர் செய்ய டவுன் பையனைக் கூப்பிடாதே. உங்கள் பக்கம் கூத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் கட்டியங்காரன் வேஷம் போடுகிறவரைக் கூப்பிடு. துரியோதனன் முன்னாலேயே நின்று துரியோதனனைக் கிண்டல் செய்ய ராத்திரி முழுக்க உரிமை இருப்பது அவனுக்கு மட்டும்தான். கூட்டத்தைப் பார்த்துப் பேசுவான், கூட்டமும் பதில் பேசும். அர்ச்சுனன் தபசில் மரத்து மேலிருந்து எலுமிச்சம்பழம் விழும்போது முந்தானை ஏந்தி நிற்கிற அதே ஜனம்தான் உன் மண்டபத்தில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குப் பங்கெடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

புரட்டாசிக்கு ஏன் பயப்படுகிறாய்? அந்த மாதம் முகூர்த்தம் இல்லை, மண்டபம் சல்லிசாகக் கிடைக்கும்.

சாமைக்காரி (ஐந்து வாரம் கழித்து):

நடந்துவிட்டது. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், சாமைக் கொள்முதல் வேலையில் தள்ளிப்போனது.

இயக்குநர்களை ஒத்துக்கொள்ள வைக்க மூன்று உட்காரல் ஆனது. உபரித் தொகையில் முன்பணம் கட்டி ஒரு குட்டியானை வண்டி வாங்குவது என்று அவர்கள் மனதுக்குள் முடிவே செய்திருந்தார்கள். "எப்படியும் வண்டிதான் வேணும்னு சொல்லப் போறாங்க, கேட்டா என்ன நஷ்டம்?" என்று ஒருவர் சொன்னதும்தான் கையெழுத்து விழுந்தது. அறிவிப்பு 16 நாள் முன்னால் போனது, விதிப்படி சாருக்கு நன்றி.

கையெழுத்து 164. கோரத்துக்கு மேல் பதினொன்றுதான், வயிற்றில் புளியைக் கரைத்தது. பிரியாணி கிடையாது என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கீரை. "நம்ம கம்பெனிச் சாமையை இன்னிக்குத்தான் நான் ருசி பாக்குறேன்" என்று ஒரு பாட்டி சொன்னது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கட்டியங்காரர் வந்தார். வேஷம் போடவில்லை, தலையில் குல்லா மட்டும். கணக்கை ஆடிட்டர் வாசிக்கவில்லை. பத்துப் பத்து ரூபாய் நோட்டாகப் பத்து நோட்டை அவர் கையில் கொடுத்தோம்: சாமை விற்று வந்த நூறு ரூபாய். ஆறு நோட்டு ஓர் உறுப்பினர் கைக்குப் போனது. ஒன்று வண்டிக்கூலி, ஒன்று மிஷினும் கரண்டும், ஒன்று சாக்கும் சம்பளமும், அதில் நானும் இருக்கிறேன். கடைசி நோட்டில் பாதி உபரி, பாதி இதர செலவு. அந்த நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவர் முன்னால் போய் நின்றார். "தலைவரே, இந்த இதரம் யாரு? எந்த ஊரு? பங்கு கட்டிட்டாரா? எல்லாருக்கும் முன்னால காசு வாங்கிட்டுப் போறாரே!"

மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து, அதாவது வரிசை இல்லை, மூன்றாவது ஜமக்காளத்திலிருந்து ஒரு அக்கா, "ஆமா, யாரு அது?" என்றார். நான்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. போஸ்டேஜ், ஜெராக்ஸ், ரிப்பேர், போன வருடப் பிளெக்ஸ் பேனர், 14 பொன்னாடை. பொன்னாடை என்றதும் எழுந்த சத்தம் இருக்கிறதே, இயக்குநர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் பொன்னாடை கிடையாது என்று அங்கேயே தலைவர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வட்டங்கள். பதினாறு. டிரெய்னர் அம்மா சொன்ன கேள்வியைத்தான் கேட்டோம். பெண்கள் வட்டம் ஒன்பதில் ஆறு வட்டம் சொன்னது ஒரே விஷயம்: எடை. வீட்டில் அளந்து கட்டிய மூட்டை கொள்முதல் இடத்தில் குறைகிறது. எங்கள் குடோன் மிஷினில் தவறு இல்லை, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரில் மூட்டையை வண்டியில் ஏற்றுவது ஓரிடம், எடை போடுவது பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னோரிடம். மூட்டைக்காரர் கண்ணெதிரே எடை போடுவதே இல்லை. நான் ஒரு தடவைகூட அதை அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை.

மூன்று சட்டி வைத்திருந்தோம்: குட்டியானைப் படம், ரூபாய்ப் படம், தார்ப்பாய்ப் படம். ரூபாய் என்றால் ஆளுக்கு ஊக்கத்தொகை, தார்ப்பாய் என்றால் களத்துக்கு. நாலாவதாக ஒரு வெறும் சட்டி. வட்டங்கள் பேசி முடித்ததும் அதில் ஒரு தராசு வரைந்து ஒட்டினேன், பார்க்கத் தவளை மாதிரி இருந்தது. ஆளுக்கு மூன்று நீலப் பாசிமணி. குட்டியானை 97, ஊக்கத்தொகை 131, தார்ப்பாய் 48, தவளை 213. மொத்தம் 492 வர வேண்டும், 489-தான் இருந்தது. மூன்று மணி யாரோ ஒரு குழந்தையின் கையில் போயிருக்கும்.

ஏழு கொள்முதல் ஊருக்கும் ஏழு எலக்ட்ரானிக் எடை மிஷின், மீதி ஊக்கத்தொகை என்று தீர்மானம் போட்டோம். வண்டி ஆசையில் இருந்த இயக்குநர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சொதப்பியதையும் சொல்ல வேண்டும். தகரக் கூரை மண்டபம், பதினாறு வட்டமும் ஒரே நேரத்தில் பேசினால் காது அடைத்துவிடுகிறது. அடுத்த தடவை பாதி வட்டங்களைப் புளியமரத்தடிக்கு அனுப்ப வேண்டும். ஆண்கள் வட்டம் ஒன்றில் ஒரே ஆள் இருபது நிமிடம் 1984-லிருந்து பேசினார், யாராலும் நிறுத்த முடியவில்லை. நேரமும் 40 நிமிடம் கூடிப்போனது. மலைக்குப் போகும் பஸ்ஸை 23 பேர் விட்டுவிட்டார்கள். வாடகைக்கு ஒரு குட்டியானை பிடித்துத்தான் அவர்களை அனுப்பினேன். ஏறும்போது ஒருவர், "பாத்தியா, வண்டிக்குப் போட்டிருக்கலாம்" என்றார்.

மாங்கொட்டை அண்ணா, அடுத்த வருடம் முதல் வேலையாக இந்த எடைக் கதைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றது. குழாயடி அக்கா வந்திருந்தார். வட்டத்தில் பேசினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

மாங்கொட்டை:

அந்தக் கட்டியங்காரர் எங்கள் மாங்கூழ்க் கூட்டத்துக்கு வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள் அம்மணி. இங்கேயும் ஒரு இதரம் இருக்கிறார்.

விதிப்படி:

வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் எலக்ட்ரானிக் தராசுக்கு அரசு எடையளவுத் துறையின் முத்திரை கட்டாயம், வருடா வருடம் மறுமுத்திரை. ஏழு மிஷினுக்கும் சான்றிதழை வாங்கி, எடை போடும் இடத்திலேயே எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டி வையுங்கள்.